குனிந்தால் தெரியும் வளைவு

உனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷமாகத் தெரிந்திருந்தது. என் மகளின் முதுகு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போவதை உன் இஞ்சு டேப் பார்த்தது, உன் கண் பார்த்தது, நீ வாயைத் திறக்கவில்லை. வாசலறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற தண்ணி வண்டிக்காரனைக்கூட நிறுத்திக் கதை கேட்கிறவள், இதற்கு மட்டும் உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வலது தோள் ஏறி நிற்கிறது என்று பள்ளிக்கூட யூனிபார்மில் வலது பக்கம் அரை இஞ்சு கூட விட்டு வெட்டினாய். சட்டை நேராகத் தொங்கியது. சட்டை நேராக இருந்ததால் பிள்ளையும் நேராக இருக்கிறாள் என்று நான் நம்பினேன். அப்படி நம்ப வைத்தது நீ. இப்போது நான் தூத்துக்குடியிலிருந்து காலை ஏழு மணி பஸ் ஏறி, திருநெல்வேலியில் இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே, ஆடுகிற ஒரு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் என் மகள் சுகிர்தாவின் செயின், கம்மல், தலைக் கிளிப், ஒரு ஊக்கு. உடம்பில் இரும்பு ஒன்றும் இருக்கக்கூடாதாம். எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொட்டிவிட்டு, முதுகுப் பக்கம் திறந்திருக்கிற பச்சைத் துணியைப் பின்னால் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பதிமூன்று வயசு. போகும்போது திரும்பிப் பார்த்து, "யம்மா, யாருட்டயும் சண்ட போடாம இரு" என்றாள். நான் யாரிடம் சண்டை போட்டேன்? படம் எடுக்கிற பையனிடம் நானும் உள்ளே வருவேன் என்று சொன்னேன், அவ்வளவுதான். "வெளிய இருங்கம்மா, முழு முதுகும் ஒரே படத்துல வரணும், வளைவு எவ்வளவுன்னு டாக்டர் கோடு போட்டு அளப்பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். கதவுக்கு மேலே சிவப்பு லைட் எரிகிறது.

வளைவு. அந்தப் பையன் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான், மழை வரும் போலிருக்கு என்கிற மாதிரி. அந்த வார்த்தையை நான் பதினாலு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறேன். என் தொழிலே அதில்தான் ஓடுகிறது. பழைய கட்டடத்தை இடிக்கிற இடத்தில் கதவு, ஜன்னல், கம்பி, கல் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி வாங்கி, என் கொட்டகையில் கொண்டுவந்து பிரித்துப் போட்டு விற்கிறவள் நான். கம்பி வந்து இறங்கினால் முதலில் சொல்வது அந்த வார்த்தைதான். நேர்க்கம்பி அந்தப் பக்கம், வளைவு இந்தப் பக்கம். வளைவு என்றால் பாதி விலை. வாங்கும்போது அதைக் காட்டித்தான் அடிப்பேன், "என்னய்யா, எல்லாம் வளைவா கிடக்கு, இத நான் கொண்டுபோய் வடை சுடவா?" என்று. விற்கும்போது ஆள் வைத்து, குழாயை மாட்டி நெம்பி, சம்மட்டியால் தட்டி நிமிர்த்தி விற்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் புதுக்கம்பிதான். ஆனால் விவரம் தெரிந்த கொத்தனார் கையில் எடுத்ததும் விரலால் தடவிக்கொண்டே போவான், ஒரு இடத்தில் நிற்பான், "இங்க வளைஞ்சு நிமுந்திருக்கு, என்னக்கா" என்பான். அந்த இடத்தில் மறுபடி வளைத்தால் பட்டென்று ஒடியும். நானே பார்த்திருக்கிறேன், ஒடிந்த முனை உள்ளே சாம்பல் நிறத்தில் பொரிபொரியாக இருக்கும். இப்போது அந்தச் சாம்பல் நிறம் ஏன் கண்ணுக்கு முன்னால் வருகிறது. சனியன், போ. பிள்ளை முதுகு கம்பியா? எலும்பு வேறு, கம்பி வேறு. எலும்பு வளரும், கம்பி வளராது. வளர்கிறதுதான் பயம் என்றும் சொல்கிறார்கள், வளர்கிற வயசில்தான் இதுவும் கூடுமாம். உயரமாகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கோடு. ஒரு தடவையாவது அவளைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தேனா? தலை எங்கே இடிக்கிறது என்றுதான் பார்த்தேன்.

பார்க்கவில்லை. சரி, நான் பார்க்கவில்லை. பத்து வயசிலிருந்து அவளே குளித்துக்கொள்கிறாள், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். அவள் அப்பா போய் ஒன்பது வருஷம். காலை ஆறு மணிக்கு நான் கொட்டகைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருகிறேன். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிற ஞாயிற்றுக்கிழமைகூட, முன்னால் உட்கார வைத்து உச்சியைத்தான் பார்க்கிறேன், முதுகு சட்டைக்குள்ளே இருக்கிறது, நீ தைத்த சட்டைக்குள்ளே. போன வாரம் பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, கையைக் கூப்பிக் குனியச் சொன்னார்களாம். நிமிர்ந்து நின்றால் தெரியாதாம், குனிந்தால்தான் தெரியுமாம். சாயங்காலம் அவள் வந்து சீட்டை நீட்டினாள். நான் நம்பவில்லை. சமையல்கட்டில் நிற்க வைத்து, "குனி" என்றேன். குனிந்தாள். வலது பக்கம் விலா மட்டும் ஒரு கைப்பிடி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, நடுவில் முதுகுத்தண்டு, ஆற்றில் தண்ணீர் ஒதுங்கிப் போகிற மாதிரி ஒதுங்கிப் போனது. நான் தொட்டேன். சூடாக இருந்தது. "வலிக்கா?" என்றேன். "இல்லம்மா, கை சில்லுனு இருக்கு, எடு" என்றாள். அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் ஒன்றுமில்லை. மறுபடி "குனி" என்றேன். மறுபடி இருந்தது. அப்படி நாலு தடவை குனிய வைத்தேன், ஏதோ ஐந்தாவது தடவை இல்லாமல் போய்விடும் என்கிற மாதிரி. அப்போதுதான் அவள் சொன்னாள், "தையல் அத்தை அப்பவே சொன்னாங்கம்மா, ஒரு தோளு ஏறியிருக்குன்னு. நீ ஏசுவன்னு நான்தான் சொல்லல."

ஏசத்தான் செய்தேன். அன்றைக்கே உன் வாசலில் வந்து நின்று தெருவே கேட்க ஏசினேன். நீ மிஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. "யக்கா, நான் சொல்ல வந்தேன்" என்று மட்டும் சொன்னாய். எப்போது சொல்ல வந்தாய்? எப்போது? இந்த பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஞாபகம் வராமல் இல்லை, வருகிறது, நான்தான் தள்ளித் தள்ளி விடுகிறேன். ஆறாம் வகுப்பு ஜூன் மாசம். புது யூனிபார்ம் வந்தது. போட்டுப் பார்த்தால் அடி விளிம்பு ஒரு பக்கம் தூக்கியிருந்தது. நான் என்ன செய்வேன்? எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் குறை சொல்லி ஓரமாகத் தள்ளி வைக்கிற கை எனக்கு. குறை இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பேன், அதில்தான் சோறு தின்றேன். அந்தக் கையாலேயே யூனிபார்மைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்து மேஜையில் போட்டேன். "யக்கா, துணி கோணல் இல்ல, பிள்ள நிக்கதுல கொஞ்சம்..." என்றாய். "எம்பிள்ள நிக்கதுல என்ன? ஒங்கத்திரிக்கோலு நேத்து கள்ளு குடிச்சிருக்கு. பிரிச்சுத் தைச்சுக் கொடு." பக்கத்தில் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ரெண்டு பொம்பளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே பிரித்துத் தைத்தாய். அதுக்கப்புறம் வந்த ஒரு சட்டையும் கோணலாக வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வளைந்து கொடுக்காத சேர்மக்கனி என்று பஜாரில் எனக்குப் பேர் உண்டு, "கொஞ்சம் வளைஞ்சு கொடுங்கக்கா" என்று கெஞ்சாத வியாபாரி கிடையாது. நான் கொடுத்ததில்லை. புருஷன் செத்த பதினாறாம் நாளே கொழுந்தன் வந்து கொட்டகை இடத்தை வளைத்துப் போடப் பார்த்தான், வேலிக்கல்லை ராவோடு ராவாக நட்டான், நான் பகலோடு பகலாகப் பிடுங்கிப் போட்டேன். அன்றைக்கு வளைந்திருந்தால் இன்றைக்கு இந்த பஸ் ஏறியிருக்க முடியாது. அதனால் உன்னிடமும் வளையவில்லை. நீ வளைந்தாய். துணியை வளைத்து எனக்குச் சமாதானம் தைத்துக் கொடுத்தாய். அது தப்பு. கேட்கிறதைக் கொடுக்கிற வியாபாரி நல்லவனில்லை, இது எனக்குத் தெரியாதா? நீ என் மூஞ்சியில் துணியை விட்டெறிந்து "போக்கா, முதல்ல பிள்ளையப் பாரு" என்று கத்தியிருக்க வேண்டும்.

சிவப்பு லைட் அணைந்து மறுபடி எரிகிறது. இன்னொரு படம் போல. பக்கவாட்டில் எடுப்பார்களாக இருக்கும். நாலு வயசில் கொடைக்கானல் போனோம், அவள் அப்பா இருந்த கடைசி வருஷம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் தூங்கிக்கொண்டே என் மடியில் அந்தப் பக்கம் சாய்வாள், அடுத்த வளைவில் இந்தப் பக்கம் சாய்வாள், எழுந்திருக்கவே இல்லை. அவர் ஒவ்வொரு வளைவுக்கும் தன் உள்ளங்கையை ஜன்னல் கம்பிக்கும் அவள் தலைக்கும் நடுவில் வைத்துக்கொண்டே வந்தார். கீழே பார்க்காதே என்றார் என்னிடம். நான் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தால் அதைத்தான் பார்ப்பேன். அது சரி, வளைவு என்றாலே நட்டமா? ஒரு தடவை எனக்குச் சூடு விழுந்தது. பழைய பண்டகசாலை ஒன்றை இடித்தபோது ஓரத்தில் கருவேலங்கட்டைகள் கிடந்தன, வில் மாதிரி வளைந்து. அடுப்புக்கு என்று ஒதுக்கிவைத்தேன். தோணி கட்டுகிற மேஸ்திரி ஒருத்தர் வந்தார். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பார்த்தார். நான் என் வழக்கப்படி அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "எல்லாம் வளைவு, அதனாலதான் இந்த விலை" என்று பாதிக்குத் தள்ளிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏற்றினார். ஏற்றி முடித்து, கயிறு கட்டி, ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு சொன்னார், "தாயி, தோணிக்கு விலா வைக்க நேர்க்கட்டை ஆகாது. இப்படி வளைவா வளந்த மரத்தத் தேடி ராமநாதபுரம் வரைக்கும் அலையிதோம். ஒனக்குத் தெரியலயே." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூணு நாள் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் ஏனோ எரியவில்லை. விலா. அவர் அந்தக் கட்டையைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, வளைவைக் கையாலேயே தடவினது ஞாபகம் வருகிறது. நான் அப்படி ஒரு தடவை தடவியிருந்தால். சும்மா, முதுகில் சோப்புப் போட்டுவிடுகிற சாக்கில்.

கதவு திறந்து அவள் வந்தாள். பழைய சட்டைக்குள் வந்துவிட்டாள், தலைமுடி மட்டும் கலைந்திருந்தது. கம்மலை நான் மாட்டிவிட்டேன், முடியைக் கோதிக் கிளிப்பைக் குத்தினேன். "யம்மா, உள்ள ஒரே குளிரு, அந்தப் பலகை ஐஸ் மாதிரி இருந்துச்சு." பிறகு அவளாகவே சொன்னாள், ஜன்னலோரத்துச் செடியை வெளிச்சம் ஒரே பக்கம் பட வைத்தால் அந்தப் பக்கமாக வளையுமாம், சயின்ஸ் மிஸ் செய்து காட்டினார்களாம், தொட்டியைத் திருப்பி வைத்தால் மெதுவாக இந்தப் பக்கம் திரும்புமாம். "ஒடியாதா?" என்று கேட்டேன். "செடி ஏம்மா ஒடியும்? அது தானே திரும்புது, யாரும் பிடிச்சு இழுக்கலல்லா" என்றாள். கேட்டுக்கொண்டேன். நான் இதுவரை நிமிர்த்தின எதையும் அதுவாகத் திரும்ப விட்டதில்லை, நெம்பித்தான் நிமிர்த்தியிருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவளும் உருவிக்கொள்ளவில்லை, அதுவே அதிசயம்.

டாக்டர் சின்ன வயசு. படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். ராத்திரி வானத்தில் நிலா ஏறுகிற மாதிரி வெள்ளையாக அவள் முதுகு தெரிந்தது. மேலே ஒரு கோடு போட்டார், கீழே ஒரு கோடு போட்டார். "முப்பத்தாறு டிகிரி" என்றார். நான் உடனே, "முப்பதுன்னு வச்சுக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டேன். வாய் பழகிப்போச்சு. அவர் கோபப்படாமல், "வச்சுக்க முடியாதும்மா" என்றார். எதனால் வந்தது என்று கேட்டேன். புத்தகப்பையா, பள்ளிக்கூட பெஞ்சா, படுக்கிற வாட்டமா, ஒருவேளை சட்டையா. காரணம் தெரியாதாம். பெரும்பாலும் இப்படித்தான், யார் மேலும் குற்றமில்லையாம். யார் மேலும் இல்லை என்றால் நான் யாரிடம் பேசுவது? எதிரில் ஆள் இல்லாமல் எனக்குப் பேரம் பேசத் தெரியாது. நாற்பதைத் தாண்டி ஏறுகிறது என்றால் ஆபரேஷனாம், முதுகைத் திறந்து கம்பி வைத்து நிமிர்த்துவார்களாம். கம்பி என்றார். இல்லையென்றால் உடம்பைப் பிடித்துக்கொள்கிற மாதிரி கெட்டியான பெல்ட், ஒரு நாளைக்கு இருபது மணி நேரம். "பதினாலு பண்ணுங்க சார்." "இது சந்தை இல்லம்மா." சுகிர்தா என் கையை அமுக்கினாள். "யம்மா, நீ சும்மா இரு. சார், பதினெட்டுன்னா பி.டி. பீரியட்ல கழட்டி வச்சுட்டு எறிபந்து விளையாடலாமா?" டாக்டர் சிரித்தார். "சரி, பதினெட்டு. ஆனா அதுக்குக் கீழ ஒரு நிமிஷம் இறங்க மாட்டேன்." என் மகள் பேசி இறக்கினதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, இரண்டையும் முந்தானையில் துடைத்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெல்ட்டா ஆபரேஷனா என்பது இந்த முப்பத்தாறில் மட்டும் இல்லை என்றார். இது மெதுவாக ஏறி வந்ததா, ஆறே மாசத்தில் எகிறியதா, அது தெரிய வேண்டும். பழைய எக்ஸ்ரே ஏதாவது? சளிக்கு நெஞ்சில் எடுத்ததாவது? இல்லை. என் பிள்ளைக்கு நோய் நொடி வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேனே, அந்தப் பெருமையால்தான் கையில் ஒரு படமும் இல்லை. அப்படியானால் நாலு மாசம் பொறுத்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் வளர்கிற பிள்ளைக்கு நாலு மாசம் ரொம்பப் பெரிசு என்றார்.

அப்போதுதான் எனக்கு உன் நோட்டு ஞாபகம் வந்தது. நீ அளவெடுத்தால் தோளிலிருந்து விளிம்பு வரை இடது ஒன்று, வலது ஒன்று என்று எழுதி, பக்கத்தில் தேதி போடுவாய். ஆறாம் வகுப்பு யூனிபார்ம், அந்தத் தீபாவளி, ஏழாம் வகுப்பு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு எடுத்த பாவாடை சட்டை, இந்த ஜூன். ஐந்து தடவை. எந்த எக்ஸ்ரேயும் இல்லாத இரண்டு வருஷம் உன் நோட்டில் இருக்கிறது. "தையக்காரி அளவு நோட்டு ஆகுமா சார்?" என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "படத்துக்கு ஈடாகாது. வேற ஒண்ணுமே இல்லையே, அதுக்கு இது எவ்வளவோ மேல். அவங்களையும் கூட்டிட்டு வாங்க, எப்படி அளந்தாங்கன்னு கேக்கணும். நாலு மணி வரைக்கும் இருப்பேன்." இப்போது பன்னிரண்டே முக்கால். உன் கிறுக்கல் உன்னைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது. உன் வாசலில் ஏசினதற்கு அப்புறம் இந்த ஐந்து நாளில் நீ என் முகத்தில் முழிக்கவில்லை, நானும் உன் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனேன். உன் நம்பரை அமுக்கிவிட்டு மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எடுக்க மாட்டாய். நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். எடுத்துவிட்டாய். "ஹலோ" இல்லை. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வருகிறது, ஓடுகிறது, பிறகு நிற்கிறது. நீ கேட்கிறாய். நான் மனசுக்குள் இவ்வளவு நேரம் உன்னைத் திட்டினது போதும், இனி வாயால்தான் சொல்ல வேண்டும்.

"ஏளா, நான்தான். வைக்காத. ஏச வரல. பிள்ளைக்கு முப்பத்தாறாம். இது எம்புட்டு வேகமா ஏறுச்சுன்னு டாக்டருக்குத் தெரியணும், அத வச்சுத்தான் பிள்ளையக் கத்தில கிடத்துததா வேண்டாமான்னு பாப்பாராம். அது ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. ஒன் அளவு நோட்ட எடுத்துட்டு இப்பமே கிளம்பு. தைக்கதெல்லாம் அப்படியே கிடக்கட்டும். திருநெல்வேலி பஸ் ஏறு, ஸ்டாண்டுல நான் நிக்கேன். நீ பாத்தத எல்லாம் அவர்ட்ட ஒண்ணு விடாம சொல்லு, நான் பக்கத்துல நின்னு கேக்கேன், வாயத் தொறக்க மாட்டேன். நான் இதுவரைக்கும் யாருட்டயும் கேட்டதில்ல, ஒனக்கே தெரியும். இப்பம் கேக்கேன். நம்ம ரெண்டு பேரும் சேந்துதான் இத மறச்சோம், நீ வந்தாத்தான் சரியாவும். நீ வந்து சரி பண்ணு. எந்திரி. எந்திரிச்சிட்டியா?"